வெள்ளிப் பாதமும் வெள்ளை நாய்களும்

எனக்கு நாய்ப் பயம் என்று சொன்னால் அது மிகவும் சின்னச் சொல். பேர்ணில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு சுவிஸ் மனுசி நாய் வளர்க்கிறாள். அது ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவு இருக்கும். அது லிஃப்டில் வந்தால் நான் படியால் இறங்குவேன். அது படியால் வந்தால் அன்றைக்கு எனக்கு வெளியே அலுவல் கிடையாது. நான் மட்டும் இப்படியென்றும் நினைக்க வேண்டாம். ஷெல்லுக்கும் ஆமிக்கும் தப்பி, பாதி உலகத்தைக் களவாகக் கடந்து வந்த எங்கள் ஆட்கள், பூங்காவில் ஒரு பஞ்சுப்பந்து குரைத்தால் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

அப்படிப்பட்ட நான், போன செப்டெம்பரில், மேகத்துக்கு மேலே ஒரு மலைக்கோவிலுக்குள், குதிரைக்குச் சற்றே குறைந்த நாய்கள் வாசலை அடைத்து நிற்க, ஒரு மனிதனின் காலைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கால் அருட்பிரகாசத்தின் இடது கால். கதையே அந்தக் காலைப் பற்றியதுதான்.

அருட்பிரகாசம் மன்னார்க்காரன், கத்தோலிக்கன். நான் வடமராட்சிச் சைவன். அகதி முகாமில் ஒரே இரட்டை அடுக்குக் கட்டிலில் அவன் மேலும் நான் கீழும் படுத்ததில் தொடங்கிய சிநேகிதம். பிறகு அவன் சோலோதுர்னில் ஒரு தொழிற்சாலைக்குப் போனான். நான் பேர்ணில் ஆஸ்பத்திரிக் குசினிக்குச் சமைக்கப் போனேன். இப்போது இருவரும் பென்சன். எனக்குப் பென்சனோடு சந்தோஷம் வந்தது. அவனுக்குச் சீனி வருத்தம் வந்தது.

சீனி அவனுடைய பாதங்களின் நரம்பைத் தின்றுவிட்டது. நெருப்புத் தணலில் நின்றாலும், “ஆரோ கூப்பிட்ட மாதிரிக் கிடக்கு” என்று திரும்பிப் பார்ப்பான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சின்னக் கொப்பளம். உணரவில்லை. கவனிக்கவில்லை. சின்னவிரல் போனது. விரல் போன இடம் மாதக்கணக்காக மூடவேயில்லை. டொக்டர் நேராகவே சொன்னார்: இந்தக் காலில் இன்னொரு காயம் வந்தால் கணுக்காலோடு எடுக்க வேண்டி வரும்.

அன்றுதான் அவன் மாதாவுக்கு நேர்த்தி வைத்தான். புண் மூடினால், அதே காலால் நடந்து வந்து வெள்ளியில் ஒரு பாதம் செய்து தருவேன் என்று.

சுவிசில் தமிழருக்கு நேர்த்தி வைக்கவா இடமில்லை? வருடா வருடம் பஸ் பிடித்து, சைவம், கிறிஸ்தவ வேதம் என்ற வித்தியாசமில்லாமல், புளிச்சோற்றோடு போகிற மாதா கோவில்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் அவனுக்குப் புண் கட்டிய தாதி, கிரவுபுண்டன் மலைகளுக்குள் றொமான்ஷ் பாஷை பேசுகிற ஒரு பள்ளத்தாக்கைச் சேர்ந்தவள். அவள் சொன்னாளாம்: எங்கள் ஊரில், கடைசிக் கிராமத்துக்கு மேலே, கால் வருத்தத்துக்கென்றே ஒரு மாதா இருக்கிறா, முன்னூறு வருடமாக நொண்டிகள் எல்லாம் அங்கேதான் ஏறுகிறார்கள் என்று. நொண்டிகள் எதற்கு மலை ஏற வேண்டும் என்று நான் கேட்டேன். அருளோ ஆராவில் ஒரு தமிழ் நகைக்கடையில் பாதத்துக்குச் சொல்லிவிட்டு வந்தான்.

புண் மூடியது. டொக்டரும், பாதை நல்லதென்றால் மெதுவாக நடக்கலாம் என்றார். பாதை நல்லதுதான் என்றாள் தாதி. அவனுடைய மனைவி அஞ்சலா ஒரே ஒரு நிபந்தனை போட்டா. சூரிச்சில் எங்களை ரயில் மாற்றிவிட வந்து, என்னைத்தான் பிடித்தா.

“சண்முகண்ணை, இவரின்ர சப்பாத்து வார்ப்பெடுத்துச் செய்தது. அதை மட்டும் கழட்ட விடாதேங்கோ.”

“கழட்ட மாட்டான்.”

“கோவிலுக்குள்ளயும் கழட்டக் குடாது.”

“பிள்ளை, நான் நிக்கிறன் தானே,” என்றேன். இந்த வசனத்தை நம்பிய எவரும் இதுவரை நன்றாக இருந்ததில்லை.

*

மஞ்சள் போஸ்ட் பஸ் எங்களைக் கடைசிக் கிராமத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. வெள்ளைக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம், கருகிய மரவீடுகள், சன்னலுக்குச் சன்னல் சிவப்புப் பூ. அங்கிருந்து நடைபாதை. மஞ்சள் கைகாட்டிகளில் எல்லாப் பெயரும் ‘ஆ’ என்ற ஓசையில் முடிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சின்னக் கல்மாடம், உள்ளே சிலுவைப்பாதையின் ஒரு நிலை. முதல் மாடத்தில் அருள் செபம் சொன்னான். நானும் நின்று கும்பிட்டேன். யார் வீட்டுச் சாமி என்றாலும் வாசலால் போகும்போது தலையாட்டிவிட்டுப் போவதுதான் மரியாதை.

பாதை நல்லது என்று தாதி சொன்னது எந்தப் பாதையைப் பற்றியோ தெரியாது. நாங்கள் போனது ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கீழே பார்த்தேன். ஆறு ஒரு நூல் போல இருந்தது. எங்கள் பஸ் ஒரு மாத்திரை போல ஊர்ந்தது. அருள் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நடந்தான். ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்து வைத்தான். காலுக்கு உணர்ச்சி இல்லாதவன் கண்ணால்தான் நடக்க வேண்டும்.

மரங்கள் முடிந்து புல் தொடங்கிய இடத்தில் ஒரு பலகை நின்றது. அதில் படம்: ஆடுகள், நடுவில் ஒரு பெரிய வெள்ளை நாய். ஓநாய் வருகிற மலைகளில் ஆட்டு மந்தையைக் காக்க விட்ட நாய்களாம். கீழே விதிகள். நில். ஓடாதே. தடியை ஓங்காதே. அமைதியான குரலில் பேசு. மந்தையைச் சுற்றிப் போ.

“திரும்புவம்,” என்றேன்.

“எங்கயடா ஆடு? ஒரு ஆட்டைக் காட்டு பாப்பம்.”

உண்மைதான். கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் கல்லும்தான்.

“உது போன வருசத்துப் பலகையா இருக்கும். நட.”

பலகைக்குக் கொஞ்சம் மேலே ஒரு மரச்சிலுவை. அங்கே கைபேசி ஒரு கோடு காட்டியது. அருள் அஞ்சலாவுக்கு எடுத்து, வந்து சேர்ந்துவிட்டோம், சப்பாத்து காலில்தான் இருக்கிறது என்று சொன்னான். அதற்கு மேலே கோடு போய்விட்டது. சிலுவையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பாறைத் திட்டின் மேல், கோவில் இருந்தது. எங்கள் ஊர் வைரவர் கோவிலைவிடக் கொஞ்சம் பெரியது. கல்லுக் கூரை. வாசலுக்கு மேலே சின்னக் கூண்டில் ஒரு மணி. அதன் கயிறு உள்ளே தொங்கியது.

வாசலில் நாங்கள் இருவரும் என்ன செய்தோம்?

யோசித்துச் செய்யவில்லை. மன்னாரில் கோவிலுக்குள் சப்பாத்தோடு போகிறவன் இல்லை. வடமராட்சியிலும் இல்லை. அவன் பேசிக்கொண்டே குனிந்தான், நானும் பேசிக்கொண்டே குனிந்தேன். இரண்டு சோடியும் படியில் ஒழுங்காக, மூக்கு வெளியே பார்க்க, கிடந்தன. உள்ளே போய்ப் பாதித் தூரத்தில்தான் எனக்கு அஞ்சலாவின் குரல் காதுக்குள் கேட்டது. கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன். இரண்டு நிமிட அலுவல்தானே. தரை வழுவழுப்பான கல்.

உள்ளே இருட்டு. கண் பழகியதும் பார்த்தேன். சுவர் முழுக்கக் கால்கள். மரத்தில் செதுக்கிய கால்கள், மெழுகுக் கால்கள், முழங்காலோடு வெட்டினது போன்றவை, குழந்தைக் கால்கள், ஒரு கை, யாரோ விட்டுப் போன ஊன்றுகோல்கள். இடையிடையே சின்னச் சின்ன ஓவியங்கள். எல்லாவற்றிலும் யாரோ மலையிலிருந்து விழுந்துகொண்டிருந்தார்கள். ஒன்றில் விழுகிறவனுக்குப் பின்னால் தெரிந்த பாதை நாங்கள் வந்த பாதை.

“பாத்தியோ,” என்று அருள் மெல்லச் சொன்னான். “இந்தச் சனமும் எங்களைப் போலத்தான். கால் குடுத்தா கால்.”

அவன் சட்டைப்பையிலிருந்து வெள்ளிப் பாதத்தை எடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும். நகைக்கடைக்காரன் ஐந்து விரலும் வைத்திருந்தான். இவன் சொல்லிச் சின்னவிரலை வெட்டுவித்தானாம். மாதாவுக்குப் பொய் சொல்லக்கூடாதாம்.

இவ்வளவு பக்தி பக்கத்தில் நடக்கும்போது நான் சும்மா நிற்கலாமா? சாமிக்கு முன்னால் வந்தால் வந்தேன் என்று அறிவிக்க வேண்டும். கையெட்டில் கயிறு. இரண்டு கையாலும் பிடித்து, நல்லூர்த் தேரன்று அடிக்கிற மாதிரி, ஆசை தீர இழுத்தேன்.

அந்தச் சின்ன மணிக்கு அவ்வளவு சத்தம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும். மலை வாங்கியது, எதிர்மலை திருப்பிக் கொடுத்தது. சூரிச்சில் அஞ்சலாவுக்கே கேட்டிருக்கும்.

“காணும் விடடா,” என்றான் அருள்.

விட்டேன். மணி நின்ற பிறகு இன்னொரு சத்தம் கேட்டது. எங்கிருந்தோ, எல்லாப் பக்கத்திலிருந்தும், நூறு சின்ன மணிகள் கிணுகிணுத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தன.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். மலை இல்லை. நாங்கள் உள்ளே நின்ற நேரத்தில் மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து எல்லாவற்றையும் அழித்திருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஆடுகள் வந்தன. பத்து, ஐம்பது, ஐந்நூறு. நான் ஐயாயிரம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஓட்டமும் நடையுமாக வந்து, கோவில் படியை முட்டி, கழுத்தை நீட்டி, எதையோ எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்தன.

பிறகு அந்த வெள்ளையின் ஒரு துண்டு கழன்று முன்னுக்கு வந்து குரைத்தது.

அது குரைப்பு இல்லை. நெஞ்சுக்குள் யாரோ அலுமாரி இழுத்த மாதிரி. இன்னொன்று இடப்பக்கம். இன்னொன்று வலப்பக்கம். தலை என் இடுப்புக்கு மேலே. நான் கதவுக்குப் பின்னால் போன வேகத்தில் என் நிழல் இன்னும் வாசலில் நின்றிருக்கும்.

“மூண்டு,” என்றேன். “மூண்டு நாய். சிங்கமெண்டும் சொல்லலாம்.”

“நாலு,” என்றான் அருள், கதவு இடுக்கால் பார்த்து. “சின்னன் ஒண்டு நிக்குது. குட்டி.”

அந்தக் குட்டி, மூன்றாம் மாடி நாயைப் போல நாற்பது மடங்கு, படியில் ஏறி எங்கள் சப்பாத்துகளை மணந்தது. என்னுடையதை மணந்து முகத்தைச் சுளித்தது. அருளுடையதில் இடதைக் கவ்வியது.

“டேய், டேய்,” என்றபடி அருள் கதவைத் திறந்து வெளியே பாய்ந்தான். வெறுங்காலோடு. கண்ணால் நடக்கிறவன் அந்த நேரம் காலைப் பார்க்கவில்லை, சப்பாத்தைப் பார்த்தான். பெரிய நாய் ஒன்று நடுவில் வந்து பல்லைக் காட்டியது. அவன் அப்படியே பின்வாங்கி உள்ளே வந்து விழுந்தான். நான் கதவைச் சாத்தினேன். குட்டி, சப்பாத்தோடு பனிக்குள் கரைந்தது.

அருள் சிரித்தான். சுவரில் சாய்ந்து நின்று, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான். “அஞ்சலாவுக்கு என்னெண்டு சொல்லுறது? நாய் கொண்டு போட்டுதெண்டா நம்புவாளோ? பள்ளிக்கூடப் பிள்ளை வீட்டுப்பாடத்துக்குச் சொல்லுற பொய் மாதிரியெல்லோ கிடக்கு.”

நான் சிரிக்கவில்லை. அவன் நடந்து வந்த கல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவிலிருந்து அவன் நின்ற இடம் வரை, ஓரடி விட்டு ஓரடி, இடது பாதம் மட்டும் சிவப்பாகப் பதிந்திருந்தது. நாலு விரல்.

அவன் இன்னும் பேசிக்கொண்டேயிருந்தான். சப்பாத்துச் செய்தவன் என்ன சொல்வான், மகள் என்ன சொல்வாள் என்று. அந்தக் கடைசிப் பதிவு மெல்ல அகலமாகி வந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் ஷெல் விழ முதல் வருகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அதைவிட இது மோசமாக இருந்தது, ஏனென்றால் இதில் சத்தமே இல்லை.

“அருள்,” என்றேன். “அசையாத. அப்பிடியே இரு.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்று, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

“இடதோ?” என்று கேட்டான்.

“ஓம்.”

உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். வாசல் படிக்கு வெளியே கூரைக் கல் உடைந்து கிடந்திருக்கிறது. பாதத்தின் வெளி ஓரத்தில், பழைய புண்ணுக்குப் பக்கத்தில், வாய் பிளந்த வெட்டு. உள்ளே கருப்பாக ஏதோ நின்றது. என்னிடம் இருந்தது கும்பிடுவதற்கென்று என் மனைவி இராஜேஸ்வரி கட்டித் தந்த பட்டுச் சால்வை. அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். பட்டு சிவந்தது.

“நோகுதோ?”

“இல்லை.”

அவ்வளவு பயங்கரமான ஒரு ‘இல்லை’யை நான் கேட்டதில்லை.

என் சப்பாத்து அவனுக்கு ஆகாது. என் பாதம் சின்னப் பிள்ளையின் பாதம். அளவு சரியென்றாலும் அவன் அந்தக் காலால் இறங்கவே முடியாது. கைபேசிக்கு உயிர் சிலுவைக்குப் பக்கத்தில்தான். சிலுவைக்கும் எங்களுக்கும் நடுவில் ஆடுகள், ஆடுகளுக்கு நடுவில் நாய்கள். எல்லாவற்றுக்கும் மேலே பனி. நான் கதவைப் பார்த்தேன். கதவு என்னைப் பார்த்தது.

அருள் வெள்ளிப் பாதத்தைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

“தொங்கவிடேல்லையோ?”

“இப்ப குடுத்தா அவ வாங்கிக்கொண்டு அலுவல் முடிஞ்சுதெண்டு இருந்திடுவா,” என்றான். “கால் நிண்டாத்தான் தருவன். அவவுக்கும் தெரியட்டும்.” பிறகு, “மச்சான், எடுத்துப்போடுவாங்களடா,” என்றான்.

நான் எழும்பிச் சப்பாத்தை மாட்டினேன்.

*

பலகையில் சொன்ன விதிகளை நான் பாடம் பண்ணியிருந்தேன். பயந்தவன் மட்டும்தான் அறிவித்தல்களை முழுதாக வாசிப்பான். நடைத்தடியை உள்ளேயே வைத்தேன். படியில் இறங்கி நின்றேன். ஓடவில்லை, ஓடுவதற்குக் கால் இருந்தால்தானே.

ஆடுகள் என்னை நெருக்கின. பெரிய நாய் வந்து நேரே முன்னால் நின்றது. அதன் மூச்சு என் வயிற்றில் சுட்டது. உறுமல் நிற்கவேயில்லை; தண்ணீர் மோட்டார் மாதிரி ஓடிக்கொண்டேயிருந்தது. நாய் என்பது வைரவரின் வாகனம் என்று மனதுக்குச் சொன்னேன். மனது கேட்கவில்லை. இராஜேஸ்வரி கட்டித் தந்த வடைப் பொட்டலம் பையில் இருந்தது நினைவுக்கு வந்தது. வைரவருக்கு வடை என்றால் உயிர். ஒன்றை எடுத்துப் போட்டேன். நாய் மணந்தது. யோசித்தது. மூக்கைத் திருப்பிக்கொண்டது. இத்தனை வருடமாக நான் வீட்டில் சொல்லத் துணியாத தீர்ப்பை ஒரு கணத்தில் சொல்லிவிட்டது. வடையை ஒரு ஆடு தின்றது.

அமைதியான குரலில் பேசு. அதுதான் மிச்சம். ஆனால் என்ன பேசுவது? தேவாரம் எடுத்தேன்; அழுகை மாதிரி வந்தது, உறுமல் கூடியது. எனக்கு நடுங்காமல் வருகிற பேச்சு எது? அப்போதுதான் வாய் தானாகத் திறந்தது. ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டு வரிசையின் முடிவில் நின்று, காலம் காலமாக, ஒவ்வொரு மதியமும் நான் கூப்பிட்ட கூப்பாடு.

“திங்கள்,” என்றேன் நாயிடம். “கிழங்கு மசியல், மாட்டிறைச்சி, கரட். உப்பில்லாதது பன்னிரண்டாம் வார்ட். செவ்வாய், நூடில்ஸ், கோழி, பச்சைப் பீன்ஸ். சீனி வருத்தக்காரருக்கு டெசேர்ட் இல்லை, அப்பிள் அவிச்சது.”

நாயின் ஒரு காது நிமிர்ந்தது.

“புதன், மீன். முள்ளில்லாமல் அரைச்சது கிழவர் வார்டுக்கு.” ஒரு அடி வைத்தேன். “வியாழன், சோறு, காளான் குழம்பு.” இன்னொரு அடி. ஆடுகள் வழிவிடவில்லை, கூடவே வந்தன. நாயும் கூடவே வந்தது, தோள் என் தொடையில் உரச உரச. கண்ணுக்கு முன்னால் என் கை கூடத் தெரியவில்லை. எந்தப் பக்கம் பாதை, எந்தப் பக்கம் ஒன்றுமில்லாத பக்கம்? வெள்ளிக்கிழமைக்கு வந்தபோது கால் வைத்த இடத்தில் கல் உருண்டது. உருண்ட கல் விழுந்த சத்தம் வரவேயில்லை. நாய் என்னை இடுப்பால் தள்ளியது. மறுபக்கம். அது என்னைக் காப்பாற்றியதோ தன் ஆட்டை விலக்கியதோ, நான் அதைக் கேட்கவில்லை. கிழமை முழுவதையும் எத்தனை தரம் சுற்றினேனோ தெரியாது. மலையில் எல்லா வார்டுக்கும் சாப்பாடு போட்டுவிட்டேன்.

கை மரத்தில் முட்டியது. சிலுவை. கைபேசியை எடுத்தேன். கோடு இல்லை. பனி அதையும் தின்றுவிட்டது.

அப்போது பனிக்குள்ளிருந்து தலையை மூடிய ஒரு நெட்டை உருவம், கையில் வளைந்த தடியோடு, எங்களை நோக்கி வந்தது. சுவரில் பார்த்த ஓவியங்களில் மலையிலிருந்து விழுகிறவனுக்காகக் காத்து நிற்கிற உருவம் ஒன்று இருந்தது. என் முறை வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, நான் அந்த நேரம் கத்தவில்லை. கத்துவதற்குக் காற்று இல்லை.

உருவம் முக்காட்டை விலக்கியது. இளம் பெண். மழை அங்கி. பெயர் லடீனா என்று பிறகு தெரிந்தது. அந்த மந்தையை மேய்ப்பவள். முதலில் றொமான்ஷில் ஏதோ கேட்டாள். நான் விழித்ததைப் பார்த்து ஜெர்மனுக்கு மாறினாள்.

“மணி அடிச்சது யார்?”

நான் மேலே பார்த்தேன். “மாதாவாக இருக்கலாம்,” என்றேன்.

“உப்பு வைக்கிற நாளில் மட்டும்தான் நான் அந்த மணியை அடிப்பேன். கேட்டால் ஆடு முழுக்க ஓடி வந்துவிடும், நாயும் கூடவே. இன்றைக்கு ஆடுகளை மேற்சரிவில் விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு நொடியில் ஒன்றையும் காணவில்லை.”

அந்த ஆடுகள் என் முகத்தை ஏன் அப்படிப் பார்த்தன என்று அப்போதுதான் விளங்கியது. அதை ஆராய நேரமில்லை. கால், சீனி, இரத்தம் என்று எனக்குத் தெரிந்த பேர்ண் ஜெர்மனில் சொன்னேன். அவள் முகம் மாறியது. ஒரு சீழ்க்கை. என் தொடையில் சாய்ந்து நின்ற சிங்கம் நாய்க்குட்டி மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு போனது.

கோவிலுக்குள் அருள் காலைப் பீடத்தின் படியில் தூக்கி வைத்து, கண்ணை மூடி இருந்தான். முகம் மெழுகுக் கால்களின் நிறம். ஒரு கணம் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பிறகு அவன், “சண்முகம், உன்ர சத்தம் கேட்டது. ஏனடா நாயளுக்குப் பீன்ஸ் குடுத்தனி?” என்றான்.

லடீனா தன் பையிலிருந்து ஆட்டுக் குளம்புக்குக் கட்டுகிற நீலப் பட்டியை எடுத்துக் காலைக் கட்டினாள். நோகவில்லையா என்று கேட்டாள். அவன் இல்லையென்றதும், நல்லது என்றாள். நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுக்கு யார் விளங்கப்படுத்துவது?

அவளிடம் இருந்த வயர்லெஸ்ஸில் கீழே ஆளைப் பிடித்தாள். இந்தப் பனியில் ஹெலிகொப்டர் வராது; கிராமத்துக்கு அம்புலன்ஸ் வரும்; கிராமம் வரை நாங்கள்தான். பின்பக்கத்திலிருந்து உப்பு மூட்டை சுமக்கிற கழுதையைக் கொண்டு வந்தாள்.

மன்னார்ப் பட்டணத்தில் ஆட்களைவிடக் கழுதை கூட என்று நான் அருளைச் சீண்டாத நாள் இல்லை. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. அவனே சொன்னான், என் தோளைப் பிடித்து ஏறும்போது.

“சொல்லன். உனக்கு முட்டுதெண்டு தெரியும்.”

“பேந்து சொல்லுறன்,” என்றேன்.

நீலக் கட்டோடு அந்தக் கால் கழுதையின் வயிற்றில் தொங்கியது. நான் பக்கத்தில் நடந்து அதை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தேன், எதிலும் முட்டாமல். ஒன்றுமில்லாத பக்கம் என் பக்கம். சிலுவைப்பாதையின் மாடங்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வந்தன. ஒவ்வொரு மாடத்திலும் கட்டைப் பார்த்தேன். நீலம் நீலமாகவே இருக்கிறதா என்று. பாதி வழியில் ஒரு கறுத்த பொட்டு வந்தது. நான் அதை அவனுக்குச் சொல்லவில்லை.

*

கூர் நகர ஆஸ்பத்திரியில் காலுக்குள்ளிருந்து ஒரு கல்லுச் சில்லை எடுத்தார்கள். அந்தக் காலால் நடந்து இறங்கியிருந்தால் இப்போது தன்னோடு பேச வேண்டிய அவசியமே இருந்திருக்காது, வெட்டுகிறவர்களோடுதான் பேச்சு என்று டொக்டர் சொன்னார். ஆனால் நடந்து இறங்கவில்லை என்பதற்காகத் தப்பிவிட்டது என்றும் சொல்லவில்லை. பார்ப்போம் என்றார். ‘பார்ப்போம்’ என்ற சொல்லோடு நாங்கள் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வரை குடியிருந்தோம். சோலோதுர்னில் கிழமைக்கு இரண்டு தரம் கட்டு அவிழ்ப்பார்கள். நான் ரயிலேறிப் போய் வாசலில் இருப்பேன். அஞ்சலா என்னோடு பேசுவதில்லை. தேத்தண்ணி மட்டும் தருவா, சீனி போடாமல். எனக்குச் சீனி வருத்தம் இல்லை.

நத்தாருக்கு முந்தின கிழமை, தாதி கட்டை அவிழ்த்துப் பார்த்து, குனிந்து, கண்ணாடியைப் போட்டு இன்னொரு தரம் பார்த்துவிட்டு, தன் பாஷையில் ஏதோ சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டாளாம். புண் மூடிவிட்டது. அஞ்சலா வெளியே வந்து, “சண்முகண்ணை, சீனி எத்தனை கரண்டி?” என்று கேட்டா. நான் சுவரைப் பார்த்து மூக்கைச் சிந்தினேன்.

வெள்ளிப் பாதம் அப்படியே அவன் சட்டைப்பையில் கிடந்தது. ஜூனில், பனி உருகி மந்தை மேலே ஏறியதும், லடீனா ஒரு படம் அனுப்பினாள். கோவில் சுவர், மரக்கால்களுக்கு நடுவில் புதிதாக ஒரு ஆணி, ஆணியில் அருளின் இடது சப்பாத்து. நாக்கு இல்லை, குதி பாதி இல்லை. பாறை இடுக்கில் கண்டெடுத்தாளாம். கால் பிழைத்தது என்று கேள்விப்பட்டு, எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துவிட்டாளாம்.

“சப்பாத்து முந்திப் போட்டுது,” என்றான் அருள். “இனிக் கால் போகாமல் இருக்கேலாது.”

ஆகவே திரும்பவும் ஏறினோம். இந்தத் தரம் எங்களை நம்பி அனுப்ப ஆளில்லாதபடியால், அஞ்சலாவும் இராஜேஸ்வரியும் கூட. வாசலில் அஞ்சலா காவல் நின்றா. அருள் சப்பாத்தோடு உள்ளே போனான், தலையைக் குனிந்து மாதாவிடம் மன்னிப்புக் கேட்டபடி. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, கயிற்றிலிருந்து எவ்வளவு தூரம் நிற்கலாமோ அவ்வளவு தூரம் நின்றேன். வெளியே வெயில். மேற்சரிவில் வெள்ளைப் புள்ளிகள், அசையாமல்.

அருள் வெள்ளிப் பாதத்தை, கடிபட்ட சப்பாத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். நாலு விரலும் வெளிச்சத்தில் மினுங்கின. அவனுடைய தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. போன செப்டெம்பருக்குப் பிறகு முதல் தடவையாக நானும் நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

அந்த மூச்சு முடிய முதல், தலைக்கு மேலே மணி அடித்தது.

திரும்பிப் பார்த்தேன். இராஜேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, கண்ணை மூடி, இரண்டு கையாலும், ஆசை தீர இழுத்துக்கொண்டிருந்தா.

மேற்சரிவில் வெள்ளைப் புள்ளிகள் தலையைத் தூக்கின. அருள் குனிந்து, சப்பாத்து நாடாவை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினான்.